சிரித்து விளையாடும்போதே பார்த்துவிடுங்கள்

ரத்தசோகை என்றாலே நமக்கு முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும்தான் ஞாபகம் வரும். எங்கள் விராலிமலையிலும் அப்படித்தான். கீரைக்குக் கட்டுப்படாத ரத்தசோகையும் உண்டு என்று எனக்குத் தெரிய வந்தது, என் வீட்டுக்காரருக்கு நீலகிரியில் கூடலூருக்கு மாற்றலாகி, அங்கே சில வருஷம் குடியிருந்தபோதுதான்.

பக்கத்தில் குடியிருந்த பணியர் இனத்துப் பெண் என்னிடம் ரொம்பப் பிரியமாக இருப்பாள். அவளுடைய ஆறு வயசுப் பையனுக்கு அடிக்கடி கண் மஞ்சளாகும். குளிர் கூடினால் கை, கால் எலும்பெல்லாம் வலித்துத் துடிப்பான். "ராத்திரி பூரா தடவிக் கொடுத்துக்கிட்டே இருந்தேன், அக்கா" என்பாள். ரத்தத்தைச் சோதித்ததில் அரிவாள் செல் நோய் என்று தெரிந்தது.

நல்ல சிவப்பணு வட்டமாக, நெகிழ்வாக இருக்கும். 120 நாள் வாழும். இந்த நோயில் அது அரிவாள் போல் வளைந்து விறைத்து, பத்து இருபது நாளிலேயே உடைந்துவிடும். நம் நாட்டில் இதை முதன்முதலில் கண்டறிந்ததே நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான், 1952-ல்.

டாக்டரம்மா மூளைக்கு ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "வலியே இல்லாம ஓடியாடுறான், இப்ப எதுக்கு ஸ்கேன்? ஒரு நாள் கூலியும் போயிடும்" என்றார் பையனின் அப்பா. நியாயமான கேள்விதானே?

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஹீமோகுளோபின் குறைந்தால், மூளைக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுக்க ரத்தம் வேகமாக ஓடும். குழாய் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதல்லவா? அதுபோல் ரத்தக்குழாய் சுருங்கிய இடத்தில் வேகம் இன்னும் கூடும். சிகிச்சை இல்லாவிட்டால், கடுமையான வகை உள்ள 100 பிள்ளைகளில் சுமார் 11 பேருக்கு 20 வயசுக்குள் பக்கவாதம் வந்துவிடுமாம். ரத்தத்தில் எல்.டி.ஹெச்., பிலிருபின் கூடினால் அணுக்கள் வேகமாக உடைகின்றன என்று தெரியும். ஆனால் மூளை ரத்தத்தின் வேகத்தை ஸ்கேன்தான் சொல்லும். ஊசி கிடையாது, வலி கிடையாது. நெற்றிப்பொட்டில் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். 2 வயசிலிருந்து 16 வயசு வரை வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

வேகம் விநாடிக்கு 170 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. 200-ஐத் தொட்டால் ஆபத்து. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தவறாமல் ரத்தம் ஏற்றினால் பக்கவாதம் 90 சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்று 1998-ல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

பையனுக்கு 182 இருந்தது. ஹைட்ராக்சியூரியா மாத்திரை கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கும் தவறாமல் கூட்டிப் போனார்கள். மறு வருஷம் வேகம் 160-க்குக் கீழே வந்தது. கூலி போகிறதே என்ற அப்பாதான் இப்போது தேதி பார்த்து, "கிளம்பு, கிளம்பு" என்கிறாராம்!

சகோதரிகளே, தாய், தகப்பன் இருவரும் இந்தக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பார்த்தால் வெளியே தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். இந்த நோயை ஒழிக்க 2023 ஜூலையில் மத்திய அரசு தனித் திட்டமே தொடங்கியிருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே சோதித்துக்கொள்வது நல்லது.

இந்த நோயுள்ள பிள்ளைக்குத் தண்ணீர் நிறையக் கொடுங்கள். குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை துவண்டாலோ திருஷ்டி சுற்றிக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.