‘ஒன்றும் செய்ய முடியாது’ என்பது யாருக்கு?

“இனி ஒன்னும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.” புற்றுநோய் முற்றிய நிலையில் வரும் நம் மக்களிடம் இதை எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்! சமூகப் பணியாளராக வார்டுகளில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நோயைக் குணப்படுத்த முடியாது என்பது வேறு, செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்பது வேறு.

தொண்டையிலோ மூச்சுக்குழாயிலோ கட்டி வளர்ந்து பாதை குறுகினால், மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வரும். படுக்க முடியாது. உட்கார்ந்தே இரவைக் கழிப்பார்கள். இது அவசர நிலை. அடைப்பு குரல்வளையில் என்றால், அதற்குக் கீழே கழுத்தில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி குழாய் வைக்கலாம். நெஞ்சுக்குள் என்றால், பிராங்கோஸ்கோப் வழியாகக் கட்டியை லேசரால் அகற்றலாம், பாதை மூடாமலிருக்க ஸ்டென்ட் வைக்கலாம். கதிர்வீச்சு கட்டியைச் சுருக்கும், ஆனால் நாளாகும். இவை எதையும் தாங்காத உடலுக்கும் மார்ஃபின் மூச்சுத்திணறலைத் தணிக்கும்.

காலனியிலிருந்து வந்த ஓர் அம்மா, நாற்று நட்டே தேய்ந்தவர். “துளை போட்டா பேச்சு போயிடும், ஊர்ல என்ன சொல்லுவாங்க” என்று உறவினர்கள் தயங்கினார்கள். டாக்டரும் அவர்களிடமே பேசினார். அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டபோது திணறித் திணறிச் சொன்னார்: “ஒரு ராத்திரியாவது காலை நீட்டிப் படுக்கணும் கண்ணு.” குழாய் வைத்தபின் படுத்துத் தூங்கினார். ஏழு வாரம் இருந்தார்.

அந்த ஏழு வாரமும் எளிதல்ல. உள்குழாயைத் தினமும் கழுவ வேண்டும், சளி உறிஞ்சும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். ஒற்றை அறை வீடு. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். சேரிக்குத் தண்ணீர் கேட்டு நாம் நடத்தும் போராட்டம் இந்த மூச்சுக்காகவும்தான்.

தெரிந்த டாக்டரும் படித்த சொந்தமும் உள்ளவர்களுக்கு எல்லா வழிகளும் விளக்கப்படுகின்றன. நமக்கு முடிவு மட்டுமே சொல்லப்படுகிறது. மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கப் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை உண்டு. நம் தெருக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தோழர்களே, நோயாளியோடு மருத்துவமனைக்குப் போகும்போது இந்த நான்கையும் கேளுங்கள். அடைப்பு எங்கே இருக்கிறது? பாதையைத் திறக்க என்ன வழி? இங்கே இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்? நோயாளியிடம் கேட்டீர்களா?

பதில் தமிழில், புரியும்படி வரும்வரை நகராதீர்கள்.