புதுக்கோட்டையின் மைப்படிக்காரர்கள்

புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த 1,130 கல்வெட்டுகளின் பாடங்களை 1929-இல் நூலாக அச்சிட்டது. அதற்கு முன்பே, 1910-இல், சமஸ்தானத்தின் அருங்காட்சியகம் தொடங்கிவிட்டது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து மறைந்தது. ஆனால் அந்த நூலில் ஏறாத எழுத்துகள் கண்மாய்க்குள்ளும் வயல் வரப்பிலும் இன்னும் கிடக்கின்றன. இன்று அவற்றைத் தேடிப்போகிறவர்களில் பலர் இந்த வேலைக்குச் சம்பளம் வாங்குபவர்கள் அல்லர். புதுக்கோட்டை தொல்லியல் ஆய்வுக் கழகம் போன்ற அமைப்புகளில் சேர்ந்து இயங்கும் ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களும் ஊர் இளைஞர்களும்தான். இதே மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் அகழாய்வு வேண்டுமென்று கேட்டுவந்ததும் இவர்களே. அங்கே 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023-இல் மாநிலத் தொல்லியல் துறையும் குழி தோண்டின. அகழாய்வு செய்தியாகிவிடுகிறது. கல்வெட்டை மைப்படி எடுக்கும், அதாவது அதன் எழுத்தை மையால் தாளில் படியெடுக்கும், அன்றாட வேலை அந்த அளவுக்கு வெளியே தெரிவதில்லை.

மைப்படிக்குத் தேவையான பொருள்கள் ஒரு பைக்குள் அடங்கும். கெட்டியான மேப்லித்தோ தாள், நாரால் ஆன பிரஷ், அடிப்பதற்குத் தனியாக அடர்ந்த மயிர் பிரஷ், புகைக்கரியும் பிசினும் கலந்த மை, துணி சுற்றிய பஞ்சுப்பொதி, ஒரு வாளி தண்ணீர். முதலில் கல்லைக் கழுவுகிறார்கள். பாசியையும் படிந்த மண்ணையும் நார் பிரஷால் தேய்த்தால் போதும். கம்பி பிரஷும் அமிலமும் ஆகாது, அவை அழுக்கோடு எழுத்தின் விளிம்பையும் கொண்டுபோய்விடும். பிறகு நனைத்த தாளைக் கல்மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அடிக்கிறார்கள். காற்றுக் குமிழ் வெளியேறி, தாள் ஒவ்வொரு எழுத்துப் பள்ளத்துக்குள்ளும் இறங்க வேண்டும். தாள் கிழிந்தால் அந்த இடத்தில் ஈரத்துண்டு ஒன்றை ஒட்டி மறுபடி அடிப்பார்கள்.

கைப்பழக்கம் தெரிவது அடுத்த கட்டத்தில். தாள் பாதி காய்ந்திருக்கும் பதத்தில் மை ஒற்ற வேண்டும். ஈரம் கூடினால் மை கசிந்து பள்ளத்தில் ஓடும், முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும். புதுக்கோட்டை வெயிலில் இந்தப் பதம் வெகுநேரம் நிற்பதில்லை என்பதால் வேலை காலையிலேயே தொடங்கிவிடுகிறது. பஞ்சுப்பொதியை மையில் தொட்டு, முதலில் வேறொரு தாளில் ஒற்றி, மிச்ச மையை மட்டும் கல்வெட்டுத் தாளில் லேசாகத் தட்டுகிறார்கள். ஒரே அழுத்தில் கறுப்பாக்கப் பார்ப்பது புதியவரின் அவசரம். இரண்டு மூன்று சுற்றில் மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். மை தாளின் வெளிப்புறத்தில் படுவதால் எழுத்து இடவலம் மாறாமல் நேராகவே தெரியும். குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் போலப் பாறை முழுக்கப் பரந்த எழுத்து ஒரு தாளில் அடங்காது. அப்போது தாள்களின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி எடுப்பார்கள். உரித்த தாளின் பின்புறம் ஊர், கல் இருக்கும் இடம், நாள் ஆகியவற்றைப் பென்சிலால் குறிக்கிறார்கள். இந்தக் குறிப்பு இல்லாத மைப்படி பாதி வீண்.

இந்த மாவட்டத்தில் கோயிலின் அதிட்டானத்தை (அடித்தளத்தை) தவிர எழுத்து கிடைக்கும் இன்னோர் இடம், கண்மாய் நீரைத் திறந்துவிடும் குமிழித் தூம்பு. கண்மாயின் உள்வாயில் நட்ட இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், அடியில் துளையிட்ட கல் மூடி, அதன் கீழே கரையைத் துளைத்துப் போகும் நீர்வழி. தூண்களில் சில சமயம் தூம்பு செய்வித்தவரின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். கண்மாய் நிறைந்திருக்கும்போது அருகே போக முடியாது. கோடையில்தான் சேற்றில் இறங்கிப் படியெடுக்க வேண்டும். கல்லைச் சுற்றி ஆள் கூடினால் ஊரில் புதையல் பேச்சு கிளம்புவது வழக்கம். “கல்லைப் பேக்க வரல அப்பத்தா, எழுத்தை மட்டும் தாளுல எடுத்துக்கிட்டுப் போறோம்” என்று விளக்கிவிட்டுத்தான் பையைத் திறக்க வேண்டியிருக்கிறது. அப்பத்தாவின் சந்தேகத்தில் தப்பில்லை. கல் காணாமல்போன ஊர்கள் உண்டு.

படித்தல் தனி வேலை. இடைக்காலக் கல்வெட்டில் புள்ளி அரிதாகவே இடப்படும், எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடு தெரியாது, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நிற்கும். ஓர் ஊர்ப்பெயரை மூன்று விதமாகப் படிக்க இடமிருக்கும்போது ஊர்க்காரரின் அறிவு கைகொடுக்கிறது. வயலின் பெயர், ஏந்தலின் பெயர், எல்லைச்சாமியின் பெயர் பலவும் சிறிது திரிந்து இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் அறிஞர் அகராதியில் தேடுவதை உள்ளூர் உறுப்பினர் பத்திரத்திலும் பேச்சிலும் கண்டுபிடிக்கிறார். சிறு அமைப்புகளின் உண்மையான பலம் இதுவே. பலவீனமும் உண்டு. படித்த அன்றே நாளிதழுக்குச் செய்தி கொடுக்கும் ஆர்வத்தில் காலக்கணிப்பு சில நேரம் நூற்றாண்டுக் கணக்கில் முன்னே தாவிவிடுகிறது. தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ போன்ற ஆய்விதழில் பாடம் முழுமையாக வெளிவந்து, மற்றவரும் சரிபார்த்த பிறகே அது நம்பத்தக்க சான்று.

செல்பேசியில் நல்ல படம் கிடைக்கும்போது மைப்படி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தேய்ந்த கல்லில் வெளிச்சம் விழும் பக்கத்தைப் பொறுத்துப் படம் ஏமாற்றும். மைப்படி எழுத்தை அதன் அசல் அளவிலேயே தருகிறது. இரண்டையும் எடுப்பதே நல்லது. திருப்பணி நடக்கும் கோயில்களில் மணல் பாய்ச்சிச் சுத்தம் செய்ததில் எழுத்து மழுங்கியதும், பிரித்த கற்கள் வரிசை மாறி ஏறியதும் நடந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் முன்பு எடுத்த படி மட்டுமே ஆதாரம்.

உங்கள் ஊரில் எழுத்துள்ள கல்லைக் கண்டால் அதன்மேல் எண்ணெயோ சுண்ணாம்போ பூசாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். காலை அல்லது மாலைச் சாய்ந்த வெயிலில் படம் எடுத்து, மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். கோயிலில் திருப்பணி தொடங்குமுன் மைப்படி எடுத்தாகிவிட்டதா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள்.