வண்டிப்பாதையில் ஒரு சைக்கிள்

பிரான்ஸ் நாட்டின் தெற்கே, மத்தியதரைக் கடலுக்குப் பக்கத்தில் பெசியே என்றொரு ஊர் இருக்கிறது. அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைதான். செப்டம்பர் மாதம் அறுவடை நேரம் என்பதால், விடியற்காலையில் ஊர்ப்புறச் சாலைகளில் டிராக்டர்கள் மட்டுமே ஓடும். டிரெய்லர் நிறையப் பழம் ஏற்றிப் போகும்போது வழியெல்லாம் சாறு சொட்டும், அந்த ஈரத்தில் குளவி மொய்க்கும். வெயில் ஏறிய பிறகு அதே சாலையில் வருகிறவர்கள் வேறு ரகம். பின்சக்கரத்துக்கு இருபுறமும் பை தொங்க, கைப்பிடியில் வரைபடத்தை மாட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் மிதித்து வருவார்கள். ஜெர்மனியிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் வந்தவர்கள் உண்டு, பிரான்ஸின் வடக்கிலிருந்து வந்தவர்களும் உண்டு. தலை நரைத்தவர்களும் அவர்களில் நிறைய. அவர்கள் தேடி வந்தது கார், லாரி தொல்லை இல்லாத சாலை.

அப்படிப்பட்ட சாலைக்கு அங்கே பஞ்சமே இல்லை. பிரான்ஸில் எல்லா வகைச் சாலைகளையும் சேர்த்தால் பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல் வரும். அதில் பெரிய நெடுஞ்சாலைகள் சிறு பங்குதான். மீதி எல்லாம் மாவட்டச் சாலைகளும் கிராமச் சாலைகளும். இந்தச் சிறு சாலைகளில் பலவும் விவசாயிகளின் கைவேலை. 1836-ல் ஒரு சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் செல்லும் பாதைகளைப் பராமரிப்பது அந்தந்தக் கிராமத்தின் பொறுப்பு என்றது அந்தச் சட்டம். பணம் போதாத கிராமத்தில், உடம்பில் தெம்புள்ள ஆண்கள் ஆண்டுக்கு மூன்று நாள் வரை சாலை வேலைக்கு வர வேண்டும். வண்டியும் இழுவை மாடோ குதிரையோ வைத்திருப்பவர் அதையும் கொண்டுவர வேண்டும். வர முடியாதவர் அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். கல் உடைத்ததும் பள்ளம் நிரப்பியதும் இவர்கள்தான். கோதுமையும் விறகும் திராட்சையும் தோட்டத்திலிருந்து ஊருக்கு வந்து சேர்வதற்காகப் போட்ட பாதைகள் இவை. தார் பிறகு வந்தது.

லாரியும் அவசரக்காரர்களும் இப்போது ஏ9 நெடுஞ்சாலையில் ஸ்பெயினை நோக்கிப் பறக்கிறார்கள். கிராமத்துச் சாலை காலியாக இருப்பதற்கு அது ஒரு காரணம். கிராமத்தில் ஆள் குறைந்துபோனது இன்னொரு காரணம். சைக்கிளில் வருகிறவர் முதல் காரணத்தை உடனே கவனித்துவிடுவார். இரண்டாவது தெரிய இரண்டு நாள் ஆகும்.

பெசியேயிலிருந்து மேற்கே மினெர்வ் என்ற மலைக் கிராமம் வரை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரு நாள் சவாரிக்குச் சரியான தூரம். மிஷெலின் வரைபடத்தில் பெரிய சாலைகள் சிவப்பு, நடுத்தரச் சாலைகள் மஞ்சள், சிறியவை வெள்ளை. அனுபவசாலிகள் வெள்ளைக் கோட்டைப் பிடித்தே போவார்கள். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே சட்டம். நடுவில் தடுப்பு இல்லாத சாலைகளில் மணிக்கு 90 கிலோமீட்டராக இருந்த வேக வரம்பை 2018-ல் 80 ஆகக் குறைத்தார்கள். சில மாவட்டங்கள் பிறகு பழையபடி 90-க்குப் போய்விட்டன. வெள்ளைச் சாலையில் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை, அங்கே முந்துவதற்கு வண்டியே அபூர்வம்.

பெசியேயைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஆன்செரூன் குன்று வருகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டாவது அதன் மேல் ஏறிப் பார்க்க வேண்டும். கீழே மொந்தாதி ஏரி தெரியும். பெயரில்தான் ஏரி, உள்ளே தண்ணீர் கிடையாது. 1247-ல் அனுமதி வாங்கி வடிக்கத் தொடங்கிய சதுப்பு நிலம் அது. வட்ட வடிவம், சுமார் 400 ஹெக்டேர், அதாவது ஆயிரம் ஏக்கர். விளிம்பிலிருந்து நடுமையத்தை நோக்கி வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல வடிகால்கள் ஓடுகின்றன. இரண்டு வடிகாலுக்கு நடுவே முக்கோண வயல்கள். மையத்தில் சேரும் தண்ணீரை ஒரு கால்வாயில் திருப்பி, குன்றுக்கு அடியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் குடைந்த சுரங்கம் வழியாக மறுபக்கம் வெளியேற்றுகிறார்கள். மோட்டார் இல்லாமல், மட்டம் பார்த்து இறக்கிய சரிவை மட்டும் நம்பி, ஏழு நூற்றாண்டுக்கு மேலாக அது வேலை செய்கிறது. வடிகால் தூர்ந்தால் வயல் மறுபடியும் ஏரியாகிவிடும். அதனால் நில உரிமையாளர்களின் சங்கம்தான் அதைத் தூர்வாரிப் பராமரித்து வருகிறது. ஒருவர் தன் பங்கு வடிகாலைக் கவனிக்காமல் விட்டால் பக்கத்து வயல்காரர் சும்மா இருக்க முடியாது. வடிகாலுக்கு மதிப்புக் கொடுக்கத் தெரிந்தவர் அந்தக் குன்றின் மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்.

அதே மால்பா குன்றைக் குடைந்துதான் மிடி கால்வாயும் போகிறது. துலூஸ் நகரிலிருந்து கடலோரம் வரை 240 கிலோமீட்டர். உப்பு வரி வசூல் செய்துகொண்டிருந்த பியேர் போல் ரிக்கே என்பவர் எடுத்துக்கொண்ட வேலை. 1666-ல் அரசாணை வந்தது, 1681-ல் கால்வாய் திறந்தது. திறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் இறந்துபோனார். இந்தக் கால்வாயின் கரைப்பாதையில்தான் சைக்கிள்காரர்கள் அதிகம். ஏற்றம் இறக்கம் இல்லை, வழி தப்பவும் முடியாது. ஆனால் துலூஸ் பக்கம் தார் போட்ட பாதை, கிழக்கே வர வர வெறும் மண்ணும் வேர்முண்டும். மெல்லிய டயர் போட்ட சைக்கிளில் வருகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வெள்ளைச் சாலைக்கு ஏறிவிடுவார்.

அந்த வேர்களுக்குச் சொந்தமான மரங்களைப் பற்றி ஒரு வருத்தமான செய்தி. கரை சரியாமல் இருக்கவும் நிழலுக்கும் 19-ஆம் நூற்றாண்டில் நட்ட பிளேன் மரங்கள், மொத்தம் 42,000 இருந்தன. 2006-ல் கால்வாய்க் கரையில் ஒரு பூசண நோயைக் கண்டுபிடித்தார்கள். செரட்டோசிஸ்டிஸ் பிளாட்டானி என்பது அதன் பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூசணம், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டிப் பலகைகளோடு தென்பிரான்ஸுக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். காயம் வழியே மரத்துக்குள் நுழைந்து, நீர் கடத்தும் குழாய்களை அடைத்துவிடும். படகு உரசினால் வேரில் காயம், வெட்டுக் கருவியைக் கழுவாமல் அடுத்த மரத்தில் வைத்தால் அங்கேயும் காயம். ஒரு மரத்தின் வேர் அடுத்த மரத்தின் வேரோடு ஒட்டி வளர்வதால், வரிசையில் ஒன்று விழுந்தால் பக்கத்து மரமும் தப்புவது கடினம். மருந்து கிடையாது. பல்லாயிரம் மரங்களை வெட்டி எரித்தார்கள். புதிதாக நடும்போது ஒரே மரத்தை வரிசையாக வைக்கும் பழைய தவறைச் செய்யாமல், ஓக் வகை ஒன்றை முதன்மையாக வைத்து வேறு மரங்களையும் கலக்கிறார்கள். நிழல் வர ஒரு தலைமுறை ஆகும். அதுவரை சில இடங்களில் நடு மத்தியானத்தில் மொட்டை வெயிலில்தான் மிதிக்க வேண்டும்.

வெயிலைவிடக் காற்றுதான் சோதிக்கும். வடமேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றுக்கு உள்ளூரில் செர்ஸ் என்று பெயர். மேற்கே போகிற சைக்கிள்காரர் அதைத் திட்டாமல் ஒரு நாளும் போவதில்லை. திராட்சைக்காரருக்கோ அது வரப்பிரசாதம். மழை பெய்த மறுநாளே இலையைக் காய வைத்துவிடும், அடிச்சாம்பல் நோய்க்கு இடம் குறையும். மருந்துச் செலவில் மிச்சம்.

அடிச்சாம்பல் என்றதும் போர்டோ கலவை ஞாபகம் வரும். அதற்கும் சாலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. நாட்டின் தென்மேற்கில் போர்டோ நகருக்கு வடக்கே, மெடாக் பகுதியில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்றுவிடுகிறார்கள் என்று சாலையோரச் செடிகளில் மட்டும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைத்தார்கள். விஷம்போலத் தெரிந்தால் யார் கை வைப்பார்கள்? 1882-ல் மில்லார்தே என்ற பேராசிரியர் அந்த வழியாகப் போனபோது, உள்ளே இருந்த செடிகள் நோயில் இலை உதிர்த்து நிற்க, சாலையோரச் செடிகள் மட்டும் பச்சையாக இருப்பதைப் பார்த்தார். 1885-ல் கலவையின் விவரத்தை வெளியிட்டார். இன்று சைக்கிளில் போகிறவருக்கும் ஒரு எச்சரிக்கை இதில் இருக்கிறது. ஓரத்துக் கொத்து எவ்வளவு கறுத்துத் தொங்கினாலும் கை வைக்கக் கூடாது. மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், அது ஒருவருடைய ஆண்டு வருமானம்.

தண்ணீர், சாப்பாட்டு விஷயத்தில் சில நடைமுறைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. கிராமத்துக் கடைகள் மத்தியானம் மணிக்கணக்கில் பூட்டிக் கிடக்கும், திங்கட்கிழமை பல கடைகள் திறப்பதே இல்லை. ரொட்டியைக் காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துவிட வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் பழக்கப்பட்டவர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடிப் போவார்கள், பூச்செடிகளுக்காக அங்கே குழாய் வைத்திருப்பார்கள். குடிக்கத் தகாத நீர் என்று பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிடிக்க வேண்டும்.

கால்வாயை ஒட்டிய அர்ஜெலியே கிராமம் பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். 1907 மார்ச் 11 அன்று இந்த ஊரிலிருந்து 87 பேர் நார்போன் நகருக்கு ஊர்வலமாகப் போனார்கள். முன்னால் நின்றவர் மார்சலென் அல்பேர், காபிக் கடையும் கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் வைத்திருந்தவர். சர்க்கரையைக் கொட்டிச் செய்த போலி ஒயினால் விலை தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. 87 பேராகத் தொடங்கிய கூட்டம் ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரில் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. நார்போனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. ஜூன் 29 அன்று சட்டம் வந்தது. ஒவ்வொரு விவசாயியும் எவ்வளவு அறுவடை செய்தார் என்று கணக்குக் கொடுக்க வேண்டும், சர்க்கரை விற்பனைக்கும் கட்டுப்பாடு. அறுவடைக் கணக்கு கொடுக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1901-ல், பெசியேக்குப் பக்கத்து மரோசான் கிராமத்துச் சிறு விவசாயிகள் கூட்டுறவு ஒயின் ஆலை தொடங்கியிருந்தார்கள். இப்போது அந்த வட்டாரத்தில் ஊரின் நுழைவாயிலில் உயரமாக நிற்கும் கட்டடம் பெரும்பாலும் கூட்டுறவு ஆலையாகத்தான் இருக்கும்.

சில ஊர்களில் அந்த ஆலை பூட்டிக் கிடக்கிறது. இரண்டாவது காரணம் சைக்கிள்காரருக்குப் புரியத் தொடங்கும் இடம் இதுதான். பிரான்ஸில் ஒயின் குடிப்பது பல ஆண்டுகளாகக் குறைந்து வருகிறது. வறட்சியும் சேர்ந்துகொண்டது. 2024-ல், கொடியை நிரந்தரமாகப் பிடுங்கிவிட்டால் ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று அரசு அறிவித்தது. நாடு முழுக்கச் சுமார் 27,000 ஹெக்டேருக்கு விண்ணப்பம் வந்தது. வெள்ளைச் சாலையின் இருபுறமும் பச்சையாக இருந்த தோட்டங்களுக்கு நடுவே அங்கங்கே மஞ்சள் புல்லும் குவித்துப் போட்ட கொடிக் கட்டைகளும் தெரிகின்றன. கம்பியில்லாமல் குட்டை மரமாக வளர்க்கும் பழைய கரினியான் தோட்டங்களுக்கு இயந்திர அறுவடை ஒத்துவராது, கைப்பறிப்புதான். கூலி கட்டுப்படியாகாமல் அவையும் போகின்றன.

சைக்கிள்காரர்களால் வருமானம் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. பண்ணை வீட்டு அறையை வாடகைக்கு விடும் முறை அங்கே புதிதல்ல, முதல் விடுதி 1951-ல் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துப் பண்ணை ஒன்றில் தொடங்கியது. இரவு தங்கலும் சாப்பாடும் ஒயினுமாக ஒரு குடும்பத்தின் கைச்செலவுக்கு உதவும். மோசமான ஆண்டில் பழத்துக்குக் கிடைக்காத விலையை அது ஈடுகட்டாது. அறை வாடகையைக் காட்டி விவசாயத்தைக் காப்பாற்றிவிட்டதாகப் பேசுகிறவர்கள், அந்த அறையின் ஜன்னலிலிருந்து தெரிகிற தோட்டத்தை யார் பராமரிப்பார்கள் என்று சொல்ல வேண்டும்.

2025 ஆகஸ்ட் 5 அன்று, மினெர்வுக்குத் தெற்கே, ஓட் ஆற்றுக்கு அப்பால் உள்ள கோர்பியேர் மலைப்பகுதியில் தீப்பிடித்தது. காற்றில் 16,000 ஹெக்டேர், சுமார் 40,000 ஏக்கர் பரப்பில் தீ பரவியது. உழுது வைத்த திராட்சைத் தோட்டம் தீயைத் தாண்ட விடாது. தோட்டத்தைப் பிடுங்கிய இடத்தில் காய்ந்த புல்லும் புதரும் வந்தால் அது தீக்கு வழி. இதை அந்த வட்டார விவசாயிகளும் ஊர்த் தலைவர்களும் தீக்குப் பிறகு வெளிப்படையாகவே பேசினார்கள். கோடையில் தீ அபாயம் கூடும் நாட்களில் காட்டுப் பாதைகளை மூடிவிடுகிறார்கள், சைக்கிள்காரரும் திரும்பத்தான் வேண்டும்.

ஒலோன்சாக்கைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். கியரை இறக்கி, மூச்சு வாங்கி, இரண்டு ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகளுக்கு நடுவே பாறை மேல் நிற்கும் மினெர்வ் வந்து சேரச் சாயங்காலமாகிவிடும். ஊரைச் சுற்றிய சரிவுகளில் கல்லடுக்கி மண்ணைத் தேக்கிய பழைய வரப்புகள் தெரியும். பல வரப்புகளில் இப்போது குத்து ஓக் புதர்தான். கீழே இன்னும் கொடி நிற்கிற ஒரு தோட்டத்துக்கு, ஒரு டிராக்டர் மட்டும் போகிற அகலத்தில் தார்ச்சாலை இறங்கிப் போகிறது. அதன் பள்ளங்களை நிரப்புவதற்கு, இன்றும் அந்தக் கிராமம்தான் பணம் ஒதுக்க வேண்டும்.