கடைமடை வயலுக்கு எந்த பேட்டரி லைட்?

திருக்கடையூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அறுபதாம் கல்யாணமும், தை அமாவாசையன்று அபிராமி பட்டருக்காக வந்ததாகச் சொல்லப்படும் முழுநிலவும் நினைவுக்கு வரும். அந்த ஊரைச் சுற்றி நெல் சாகுபடி செய்பவர்களுக்கோ அமாவாசை என்றால் வெறும் இருட்டுதான். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும், கடைமடைக்குத் தண்ணீர் பகலில் வருமா, இரவில் வருமா என்று சொல்ல முடியாது. முறை வந்தால் மடையைத் திறந்தாக வேண்டும். நண்டு வளை வழியாக வரப்பு கசிந்தால், போட்ட உரமும் சேர்ந்து விடிவதற்குள் வடிகாலுக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் மூழ்கினால் இரவோடு இரவாக வடிய வைக்க வேண்டும். இத்தனைக்கும் கூட வருவது கையில் இருக்கும் பேட்டரி லைட்தான்.

கடையில் லைட் வாங்குபவர் முதலில் கேட்பது, “எவ்வளவு தூரம் அடிக்கும்?” என்பதுதான். வரப்பில் நடப்பவருக்கு ஆபத்து தூரத்தில் இல்லை. அடுத்த இரண்டு எட்டில் இருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலானோர் கிராமத்தவர்கள். வயலில் தண்ணீர் ஏறினால் எலியும் பாம்பும் மேடான வரப்புக்குத்தான் வரும். அங்கே ஊசி போல ஒரே இடத்தில் குவியும் வெளிச்சத்தைவிட, காலடியில் பாய் விரித்தது போலப் பரவும் வெளிச்சமே உயிரைக் காக்கும்.

ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

அந்தக் காலத்து மூன்று கட்டை லைட்டில் குண்டு பல்பு, மின்சாரத்தைப் பெரும்பாலும் சூடாகத்தான் வீணடித்தது. எல்.இ.டி. அதே மின்சாரத்தில் பல மடங்கு வெளிச்சம் தருகிறது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல ஒளி மஞ்சள் பூச்சின் வழியாக வருவதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நீலம் தூக்கலான வெளிச்சத்துக்குப் பூச்சிகள் அதிகம் வரும். ஆகவே சற்று மஞ்சள் கலந்த வெளிச்சம் கிடைத்தால் அதை வாங்கலாம்.

கடையிலேயே இருட்டான மூலையில், ஓர் அடி தூரத்தில் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி மட்டும் கண்ணைப் பறித்தால் அது வரப்புக்கு ஆகாது. வீட்டில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மாலை 6 மணிக்குப் போட்டு, மணிக்கொரு தரம் பாருங்கள். எத்தனை மணிக்கு மங்குகிறது என்பதே அந்த லைட்டின் உண்மையான விலை.

அட்டைப் பெட்டியில் உள்ள எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 18650 என்ற லித்தியம் செல் 18 மி.மீ. குறுக்களவும் 65 மி.மீ. நீளமும் உடையது. நல்ல தரமான செல்லிலேயே சுமார் 3,500 மில்லி ஆம்பியர்-மணிதான் கொள்ளும். 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய்.

மலிவு லைட்டுகள் பலவற்றில் 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி இருக்கும். அதை முழுதாக இறங்கிய நிலையில் போட்டு வைத்தால் சீக்கிரம் செத்துவிடும். அறுவடை முடிந்து சும்மா கிடந்தாலும் மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும். நேராகச் சுவர் பிளக்கில் செருகும் வகையில் பலவற்றுக்கு டிரான்ஸ்பார்மர் கிடையாது. சார்ஜ் ஏறும்போது ஈரக்கையால் தொடுவதும், லைட்டைப் போட்டுப் பார்ப்பதும் கூடாது.

நம் வயலுக்கேற்ப மாற்றலாம்

வெளிச்சம் குவிந்தே விழுகிறதா? பால் நிற பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை வட்டமாக வெட்டி, கண்ணாடியின் முன்னால் வைத்து, சைக்கிள் டியூப் வளையத்தால் இறுக்கினால் போதும். தூரத்து மடையைப் பார்க்கும்போது கழற்றிக்கொள்ளலாம்.

இரவு முழுக்க நிற்கவில்லையா? ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்து, எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரத்தைப் பாதியாகக் குறைக்கும்படி ரெசிஸ்டரை மாற்றச் சொல்லுங்கள். பேட்டரி ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் நிற்கும். வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும் கண்ணுக்கு அவ்வளவு குறைவாகத் தெரியாது. லித்தியம் செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்க விடாதீர்கள். உப்பிய செல்லைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மூடியில் உள்ள ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவினால் மழை உள்ளே இறங்காது. கறுப்பு லைட்டின் உடம்பில் வெள்ளை டேப் சுற்றினால் சேற்றில் விழுந்தாலும் கண்டுபிடிக்கலாம். சாதாரண கட்டை பேட்டரி போடுபவர்கள், வேலை இல்லாத மாதங்களில் அதைக் கழற்றி வைத்தால் ரசம் கசிந்து கெடாது.

லைட்டைப் பிடிப்பதிலும் விஷயம் இருக்கிறது. மண்வெட்டி பிடிக்கும்போது தலையில் கட்டும் லைட் வசதி. ஆனால் பூச்சி முகத்தில் மொய்க்கும், மார்கழிப் பனியில் எதிரே வெள்ளைத் திரைதான் தெரியும். நடக்கும்போது இடுப்பளவில் பிடித்தால் கட்டி, குழி, பாம்பு எல்லாவற்றின் நிழலும் நீண்டு விழுந்து தெளிவாகத் தெரியும்.

எந்த லைட்டும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸுக்கும், தட்டிக்கொண்டு நடக்கும் கம்புக்கும் ஈடாகாது. அதையும் மீறிக் கடித்துவிட்டால் கீறுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசைய விடாமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரவில் தனியாக மடைக்குப் போகிறவர், எந்த வயலுக்குப் போகிறார் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போவது நல்லது.