ஆற்றிடைக்குறையிலிருந்து ஒரு முதலீட்டு யோசனை

சென்ற மாதம் துபாயிலிருந்து என் அண்ணா பிள்ளை ஒரு கோப்பு அனுப்பியிருந்தான். செயிண்ட் லூசியா என்ற கரீபியத் தீவில் துறைவாரியாக என்னென்ன முதலீட்டு வாய்ப்புகள் உள்ளன என்று யாரோ தரகர்கள் தயாரித்த வண்ணப் புத்தகம். சுற்றுலா, வேளாண்மை, மீன்வளம், சூரிய மின்சாரம், தகவல் தொழில்நுட்பம். துறைக்கு ஒரு பக்கம். எல்லாப் பக்கங்களிலும் அதே நீலக் கடல். 2 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தால் குடியுரிமையும் கிடைக்கும். 2015இல் சட்டமியற்றி, கடவுச்சீட்டையும் ஒரு துறையாக்கிக்கொண்ட நாடு அது.

அன்றிரவே தொலைபேசியில் அழைத்தான். "சித்தப்பா, பார்த்தேளா? முப்பது வருஷம் பேங்க்ல இதைத்தானே பண்ணினேள்? நீங்க சரின்னு சொன்னா உத்தமர்சீலியை முடிச்சுடலாம்."

உத்தமர்சீலி என்று அவன் சொன்னது, கல்லணைச் சாலையில் எங்களுக்கு இருக்கும் இரண்டரை ஏக்கர் வாழைத் தோட்டத்தை. அண்ணா காலமானபின் அதில் பாதி அவனுடையது. மனை வாங்குகிறவர்கள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மறுக்க எனக்கும் பெரிய காரணம் ஏதுமில்லை. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் உட்கார்ந்துகொண்டு, தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை போய் நின்று திரும்புகிறவன் நான். மண்ணில் கைவைப்பவர் குத்தகைக்காரர். அவருக்கு முன் அவர் தகப்பனார்.

செயிண்ட் லூசியா எனக்கு முற்றிலும் புதிய பெயரல்ல. கல்லூரியில் பொருளாதாரம் படித்த நாட்களில் ஆர்தர் லூயிஸைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். கிராமத்தில் தேவைக்கு மேல் தேங்கிக் கிடக்கும் உழைப்பு, குறைந்த கூலியில் தொழிற்சாலைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும் என்ற 1954ஆம் ஆண்டுக் கட்டுரை அவருடையது. அவர் அந்தத் தீவில் பிறந்தவர் என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது. டெரக் வால்காட்டை வாசிக்கத் தொடங்கியபோது அவரும் அதே தீவு, அதே காஸ்ட்ரீஸ் நகரம். இருவருக்கும் பிறந்த நாள் ஜனவரி 23. ஒருவருக்கு 1979இல் பொருளாதார நோபல்; மற்றவருக்கு 1992இல் இலக்கிய நோபல். இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத தீவுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். தரகர்களின் புத்தகத்தில் இருவர் பெயரும் இல்லை.

கோப்பில் என்னை நிறுத்தியது வேளாண்மைப் பக்கத்திலிருந்த வாழைத்தார். அங்கும் வாழைதான். 1960களின் தொடக்கத்தில் கரும்பு ஓய்ந்தபோது தீவு முழுவதும் வாழைக்கு மாறிவிட்டிருந்தது. கீஸ்ட் என்ற ஆங்கிலேய நிறுவனம் ஏற்றுமதித் தரமுள்ள காய் அத்தனையையும் வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. வாராவாரம் கப்பல் வரும். வெட்டி, பெட்டியில் அடுக்கி ஏற்ற வேண்டியதுதான். பிரிட்டன் தன் பழைய காலனிகளுக்குச் சந்தையில் சலுகை வைத்திருந்தது. மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருந்தவர்கூடப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பச்சைத் தங்கம் என்றே அதற்குப் பெயர்.

பிறகு ஐரோப்பா 1993இல் ஒரே சந்தையானது. லத்தீன் அமெரிக்காவின் பெருந்தோட்ட வாழைக்கு எதிரான அந்தச் சலுகை முறையை எதிர்த்து அமெரிக்காவும் நான்கு லத்தீன் அமெரிக்க நாடுகளும் உலக வர்த்தக அமைப்பிடம் போயின. 1997இல் தீர்ப்பு அவர்கள் பக்கம். சண்டை 2009 வரை இழுத்தது. அதற்குள் செயிண்ட் லூசியாவில் ஆயிரக்கணக்கானோர் வாழையைக் கைவிட்டிருந்தார்கள். இத்தனைக்கும் அமெரிக்காவில் ஏற்றுமதிக்கென்று வாழை விளைவதே இல்லை. அங்கிருந்த பெரிய நிறுவனங்களின் தோட்டங்கள் வேறு நாடுகளில் இருந்தன, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய கடன் மனு நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருச்சியைச் சுற்றிய கிராமங்களில் வீட்டுக்கு வீடு செயற்கை வைரம் பட்டை தீட்டினார்கள். திண்ணையில் மேசை, அதில் சுழலும் தட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு மூக்குத்திக் கல்லைத் தீட்டும் பெண்கள். கச்சாக் கல்லைக் கொடுப்பவரே தீட்டியதையும் எடுத்துக்கொள்வார். அப்படி ஒருவர் பட்டறையை விரிவாக்கக் கடன் கேட்டு வந்தார். மதிப்பீட்டுக் குறிப்பை எழுதியவன் நான். "உற்பத்தி முழுவதையும் ஒரே வியாபாரி வாங்கிக்கொள்வதால் சந்தை உறுதி" என்று எழுதினேன். அந்த வரி எனக்கு அப்போது பலமாகத் தோன்றியது. இயந்திரத்தில் தீட்டிய சீனக் கல் வந்து இறங்கியதும் வியாபாரி வருவதை நிறுத்தினார். குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் வேறு வழியில்லை. கடன் வாராக்கடனாயிற்று, அடகு வைத்த வீட்டுநகை ஏலத்துக்குப் போயிற்று. பொய்க்கல்லுக்காக மெய்ப்பொன் போனது என்று கிளையில் யாரோ வேடிக்கையாகச் சொன்னார்கள், நானும் சிரித்தேன். அவர் பின்னாளில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியானார். சத்திரம் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தால் இன்றும் கும்பிடுவார். அந்தக் கும்பிடு இல்லாமலிருந்தால் எனக்குச் சற்றுச் சுலபமாக இருக்கும்.

இந்த ஊருக்கு இது முதல் தடவையும் அல்ல. உறையூர்ச் சுருட்டு திண்டுக்கல் புகையிலையில் சுற்றப்பட்டு லண்டன் வரை போனது. கோனன் டாயில் 1887இல் ஷெர்லக் ஹோம்ஸை அறிமுகப்படுத்திய முதல் நாவலிலேயே திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் துப்பாக வருகிறது. நம் 'சுருட்டு' ஆங்கில அகராதியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வெள்ளைக்காரர் போனார், தொழில் மெலிந்தது, சொல் மட்டும் அங்கேயே இருக்கிறது. திருவெறும்பூரில் 1960களில் கொதிகலன் ஆலை வந்தபின் அதைச் சுற்றி முளைத்த சிறு பட்டறைகளும், நாட்டில் அனல்மின் நிலையங்களுக்கான வேலை சுருங்கிய ஆண்டுகளில் இதே பாடத்தைப் படித்தன.

இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு மறுநாள் காலை உத்தமர்சீலிக்குப் போனேன். குத்தகைக்காரர் இலை அறுத்துக்கொண்டிருந்தார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; கேட்கவில்லை. நான்தான், இந்த வாழை எங்கெல்லாம் போகிறது என்று அவரிடம் கேட்டேன். முப்பது வருடம் கடன் கொடுத்தவனுக்கு இது தெரியாதா என்பதுபோல் பார்த்துவிட்டுச் சொன்னார். தார் காந்தி மார்க்கெட்டுக்கு. இலைக்கட்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு. முகூர்த்த மாதமென்றால் குலையோடு மரத்தையே வெட்டிப் பந்தல்காரர் எடுத்துப் போவார். பூவும் தண்டும் காய்கறிக்காரப் பெண்களுக்கு. நார் பூக்கட்டுகிறவர்களுக்கு, ரங்கநாதருக்குச் சூடும் மாலையிலும் அது உண்டு. கன்று அடுத்த தோட்டக்காரருக்கு. "ஒருத்தன் வெலைய எறக்கினா இன்னொருத்தன்கிட்ட போவேன் சாமி. யாரும் பெருசா தரமாட்டான். யாரும் மொத்தமா நிறுத்தவும் மாட்டான்."

இதைக் கேட்டு நெகிழ்ந்து நிலத்தை விற்பதில்லை என்று முடிவெடுத்தேன் என எழுத ஆசைதான். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது வேறு. மகன் சென்னையில் வேலை பார்க்கிறான், திரும்ப மாட்டான். முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கட்டைக்கே போட்ட பணம் போய்விடுகிறது. காற்று ஒன்று அடித்தால் தீர்ந்தது. 1977 நவம்பர்ப் புயலின் மறுநாள் அப்பாவோடு இதே வரப்பில் நின்றிருக்கிறேன். ஒரு மரம்கூட நிற்கவில்லை. எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. அப்பா ஒன்றும் பேசாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். நாமும் தீவில்தான் இருக்கிறோம். அரங்கம் என்றாலே ஆற்றிடைக்குறை. முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கிறோம் என்பது, 2018 ஆகஸ்ட் 22 இரவு அங்கே மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோதுதான் பலருக்கு உறைத்தது.

செயிண்ட் லூசியாவுக்கு வடக்கே, கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மார்த்தினிக் இருக்கிறது. அதற்கும் வடக்கே குவாதலூப். 1853லிருந்து புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் கரும்பு வெட்டப் போன தீவுகள் அவை. மாரியம்மனையும் மதுரை வீரனையும் உடன் கொண்டுபோனார்கள். அன்று அத்தீவுகளின் முதலீட்டுப் பட்டியலில் நம் ஆட்களே ஒரு துறை. இதை அண்ணா பிள்ளையிடம் சொல்லவில்லை. சொன்னால், "அதுக்கும் இதுக்கும் என்ன சித்தப்பா" என்பான். நியாயமான கேள்விதான்.

அவனிடம் சொன்னது இவ்வளவே. அந்தத் தீவு கரும்பிலிருந்து வாழைக்கும், வாழையிலிருந்து சுற்றுலாவுக்கும் போயிருக்கிறது. 2020இல் விமானங்கள் நின்றதும் அதன் பொருளாதாரம் ஒரே ஆண்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சுருங்கிற்று. உன் கோப்பில் ஐந்து துறைகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தால் அந்த ஐந்தையும் தாங்குகிற வாடிக்கையாளன் பெரும்பாலும் ஒருவன்தான், விமானத்தில் வந்து இறங்குகிறவன்.

"அப்ப வேண்டாங்கறேளா?"

உத்தமர்சீலியில் உன் பாதியை நீ விற்கலாம், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். என் பாதி இப்போதைக்கு இருக்கட்டும். குத்தகைக்காரரிடம் தோட்டத்தை அளந்து பிரிக்க வேண்டும் என்று நானே போய்ச் சொல்கிறேன். இன்னும் சொல்லவில்லை.

"தீவு?"

"பணத்தைப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல போய்ப் பாரு. அந்தப் புஸ்தகத்துல டிசம்பர்ல வாங்கோன்னு போட்டிருக்கான். நீ செப்டம்பர்ல போ. அங்க அதுதான் புயல் மாசம்."