அலையில்லாத கடல்

நார்வேயின் 63ஆம் எண் மலைச்சாலையைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். நாங்கள் இருவரும் வாடகைக் காரில் சென்றது ஜூலையில். அப்போதும் உருகாத பனி சாலையோரம் கிடந்தது. ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கி, கெய்ராங்கர் என்னும் சிற்றூரில் கடல்மட்டத்தைத் தொட்டோம்.

அதைக் கடலென்று நம்புவது கடினம். பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்கினுள் புகுந்த உப்புநீர், ஃபியோர்டு என்கிறார்கள். இருபுறமும் செங்குத்துப் பாறைகள், நூலாய் இறங்கும் அருவிகள். நீர் குளம்போல் அசையாதிருந்தது. அந்த அசைவின்மைக்காகவே இவ்விடத்தைத் தேர்ந்தோம். எங்களில் ஒருவருக்கு நாகப்பட்டினம் சொந்த ஊர். 2004 டிசம்பர் 26க்குப் பின் நாங்கள் எந்தக் கடற்கரையிலும் சேர்ந்து நின்றதில்லை.

அன்றிரவு விடுதியை நடத்தும் மூதாட்டி ஆக்கெர்நெஸ் மலையைப் பற்றிச் சொன்னார். அருகிலுள்ள ஃபியோர்டின் மேல் நிற்கும் அம்மலைச்சரிவு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் பெயர்ந்துகொண்டிருக்கிறது. கருவிகள் இரவுபகலாக அதைக் கண்காணிக்கின்றன. அது சரிந்தால் எழும் பேரலை சில நிமிடங்களில் இவ்வூரை அடையும். 1934 ஏப்ரல் 7 அன்று டாஃபியோர்டில் இவ்வாறே பாறை விழுந்தெழுந்த அலையில் 40 பேர் மாண்டிருக்கிறார்கள்.

"தெரிந்துமா இங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டோம். கேட்ட கணமே நாணினோம். நாகையில் உறவினர்களிடம் வெளியூர்க்காரர்கள் கேட்ட அதே கேள்வி.

அவர் கோபிக்கவில்லை. "அபாயச் சங்கு ஒலித்தால் மேட்டுக்கு ஓடுவோம். ஒலிக்காத நாட்களை எங்கே கொண்டுபோய் வாழ்வது?"

எங்களுக்கு அன்று ஒலிக்க ஒரு சங்கும் இருக்கவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. அதை அவரிடம் சொன்னோம். அவர் எங்கள் கோப்பைகளில் மீண்டும் காப்பி ஊற்றினார்.

மறுநாள் கழுகுச் சாலையின் 11 கொண்டையூசி வளைவுகளில் ஏறி, படகில் ஃபியோர்டைக் கடந்து வல்டாலை அடைந்தோம். பயணிகள் பலரும் அங்கிருந்து புகழ்பெற்ற துரோல்ஸ்டிகன் மலைப்பாதைக்குச் செல்வார்கள். எங்கள் திட்டமும் அதுவே. ஆனால் பேசிக்கொள்ளாமலேயே டாஃபியோர்டுக்கு வண்டியைத் திருப்பினோம்.

அங்கே வீடுகள் இருந்தன. கொடிகளில் துணிகள் காய்ந்தன. படகுத்துறையில் ஒரு சிறுவன் தூண்டிலோடு அமர்ந்திருந்தான். நாங்கள் காலணிகளைக் கழற்றி நீரில் இறங்கினோம். பனியுருகிய நீர் எலும்பைக் கடித்தது. கணுக்கால் அளவுதான், ஆயினும் இருவரும் நெடுநேரம் நின்றோம்.