ஒன்பதாம் மாடியின் கணக்கு

தமிழாசிரியரிடம் கணக்குப் போட்டுத் தருமாறு எவரும் வருவதில்லை; படிவம் நிரப்பித் தருமாறு வருவோர் பலர். படிவத்தின் மொழி வேறாகவும் அதனை நிரப்ப வேண்டியவரின் மொழி வேறாகவும் இருக்கும் வரை இவ்வூழியம் நமக்குத் தப்பாது. 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு மாலை, நம்மிடம் பத்தாம் தரத்திற் பயின்ற மாணவி ஒருத்தியின் தாயார் அவ்வாறு வந்தார். வீட்டுத் தவணை கட்ட இயலாதோருக்கு உதவி வழங்கும் ஒரு நிதியத்தின் விண்ணப்பம் அவர் கையில் இருந்தது. பதினான்கு மாத நிலுவை, 37,100 ரூபா.

அக்குடும்பம் முன்னர் இருந்தது ஒரு 'தோட்ட'த்தில். மலைநாட்டு வாசகர் மயங்கலாகாது. கொழும்பிலே நெருங்கிய குடிசை வரிசைகளுக்கும் தோட்டம் என்றே பெயர். 2010ஆம் ஆண்டின் பின்னர், நகரப் புத்துயிர்ப்பு என்ற பெயரால் இத்தகைய தோட்டங்கள் பல இடிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தொடர்மாடிகளில் ஏற்றப்பட்டன. வீடொன்று ஏறத்தாழ 400 சதுர அடி. பல குடும்பங்களிடம் கோரப்பட்ட விலை 10 இலட்சம் ரூபா. முன்பணம் 50,000 போக எஞ்சியதை 30 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் மாதத்துக்கு 2,650 ரூபா வரை வரும். கல்லும் தகரமுமாகத் தாமே கட்டிய பழைய வீட்டுக்கு இவர்கள் கணக்கில் ஒரு சதமும் வரவு வைக்கப்படவில்லை. இதனை வாடகை என்பதா, விலை என்பதா? உறுதி கையில் வரும்வரை வாடகை என்றே அத்தாயார் சொன்னார். அவர் சொன்னதே சரியென்பது நம் கருத்து.

படிவத்தில் 'மாத வருமானம்' என்றொரு கட்டம். கணவர் புறக்கோட்டையில் நாட்டாமை, மூட்டை தூக்குபவர்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு அக்கா கிடைக்கும்?" என்று கேட்டோம்.

"வேலை கிடைச்சா ரெண்டாயிரத்து ஐந்நூறு சேர். எல்லா நாளும் கிடைக்காது."

பின்னைய வாக்கியத்தை நம் காது கேட்டது, கை கேட்கவில்லை. 2,500ஐ 26ஆற் பெருக்கி 65,000 என்று எழுதினோம். மாதத்துக்கு இருபத்தாறு நாள் வேலை என்பது, மாதம் முடிந்தாற் சம்பளம் வங்கியில் விழும் நம்மைப் போன்றவர் பிறருக்கும் உண்டென எண்ணிக்கொள்ளும் நாட்காட்டி. அத்தாயார் அந்த எண்ணைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியர் எழுதினால் சரியாயிருக்கும் என்று எண்ணியிருக்கக்கூடும்.

ஆறு வாரங்களின் பின் பதில் வந்தது. கோரும் தவணை குடும்ப வருமானத்தில் நூற்றுக்கு 4 மட்டுமே. ஆதலின் உதவிக்குத் தகுதியில்லை.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். மின்தூக்கி இயங்கவில்லை. ஒன்பது மாடிகளையும் ஏறி முடித்தபோது நமக்குப் பேச மூச்சில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மாணவி தன் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். தந்தை வேலை செய்த நாள்களையும் வீட்டுச் செலவையும் அவள் மூன்று மாதங்களாக எழுதி வைத்திருந்தாள். முதல் மாதம் 17 நாள், அடுத்தது 14, அதற்கடுத்தது 19. மொத்தம் 50 நாள், 1,25,000 ரூபா. மாதச் சராசரி 41,667. தாயார் தோட்டத்தில் இருந்த காலத்தில் வாசலிலே இடியப்பம் அவித்து விற்றவர். ஒன்பது மாடி ஏறி எவர் இடியப்பம் வாங்குவார்? குடும்பத்துக்கு வீடு கொடுத்த அதே திட்டம் அதன் வருமானத்தில் ஒரு பகுதியைப் பறித்துக்கொண்டது. தகுதி காணும் படிவம் எதிலும் இதற்கு ஒரு கட்டம் இருப்பதை நாம் கண்டதில்லை.

நம் பிழையைத் திருத்தி மேன்முறையீடு செய்ய எண்ணினோம். அமெரிக்காவின் வீட்டுவாடகை விதியைப் பற்றி அண்மையில் வாசித்திருந்தோம். அதனைத் துணைக்கழைக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. 1969இல் சென் லூயிஸ் நகரின் பொதுவீடுகளில் வாழ்ந்த ஏழைகள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், ஒன்பது மாதம் வாடகை மறுப்புப் போராட்டம் நடத்தினர். வருமானத்தின் பாதிக்கு மேல் வாடகையாகக் கொடுத்தோரும் அவர்களுள் இருந்தனர். அதே ஆண்டில் செனற்றர் எட்வேட் புறூக்கின் திருத்தம் சட்டமாகி, பொதுவீட்டு வாடகை வருமானத்தின் நாலிலொன்றை மீறலாகாது என்றாயிற்று. 1981இல் அந்த எல்லை 30 வீதமாக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளுக்கென ஒரு தொகையைக் கழித்த பின்பே அங்கு வருமானம் கணிக்கப்படுகிறது. மின்சாரம், நீர் ஆகியவற்றின் செலவும் அந்த 30 வீதத்துள் அடங்கும்.

கொப்பியின் ஓரத்தில் அக்கணக்கைப் போட்டோம். 41,667 ரூபாவில் 30 வீதம் 12,500. அவர்கள் தவணை 2,650, மின்சாரம் 3,900, நீர் 700. மொத்தம் 7,250 ரூபா, நூற்றுக்குப் பதினேழு. நாம் துணைக்கழைத்த விதி, இக்குடும்பம் இன்னும் ஐயாயிரம் ரூபா கூடுதலாகக் கொடுக்கலாம் என்றது!

அப்போதுதான் நம் முதற் பிழை 26 என்ற எண்ணில் இல்லை என்று புரிந்தது. 65,000க்குப் பதில் 41,667 என்று எழுதியிருந்தாலும் தவணை நூற்றுக்கு 6 ஆகியிருக்குமேயன்றி, நிதியத்தின் பதில் மாறியிராது. வீதம் என்ற அளவுகோல் ஏழையின் கையிலிருந்து போவதை அளக்கிறது. கையில் எஞ்சுவதை அளப்பதில்லை. ஐந்து இலட்சம் உழைப்பவன் 30 வீதத்தை வாடகையாகக் கொடுத்தாலும் அவனுக்கு மூன்றரை இலட்சம் மிஞ்சும். மைக்கல் ஸ்ரோன் என்ற அமெரிக்க அறிஞர் வீட்டு வறுமை பற்றி 1993இல் வெளியிட்ட நூலில் இக்கணக்கைத் தலைகீழாக்கினார்: உணவு, உடை, மருந்து முதலியவற்றுக்கு வேண்டியதை முதலிற் கழிக்க வேண்டும், எஞ்சுவதே வாடகைக்குரியது, ஒன்றும் எஞ்சாதவரிடம் வாடகை கேட்பதற்கு இடமில்லை.

அம்முறையிற் கணித்தோம். 2023இல் நமது அரசின் புள்ளிவிபரத் திணைக்களம் வகுத்த வறுமைக்கோடு ஆளொருவருக்கு மாதம் ஏறத்தாழ 16,000 ரூபா. இவர்கள் ஐவர், 80,000. நாம் தவறாக எழுதிய 65,000கூட அக்கோட்டின் கீழேதான் கிடந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டதையும், மின்கட்டணம் சராசரியாக 2022 ஓகஸ்றில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூட்டப்பட்டதையும் வாசகர் மறந்திரார். தவணை அந்த 2,650ஆகவே நின்றது. அதனைச் சுற்றியிருந்தவை யாவும் ஏறின. தோட்டத்தில் பொதுக்குழாயில் நீரெடுத்தவர்கள் மாடியில் நீர்ப்பட்டியலையும் பெற்றார்கள்.

அமெரிக்க விதியை முற்றாக இகழ்வதும் நேர்மையன்று. போராடிப் பெற்ற எல்லை அது. எல்லையே இல்லாத நம் நிலையினும் மேலானது. ஆயினும் அங்கும் தகுதியுடையோர் நால்வரில் ஏறத்தாழ ஒருவருக்கே வாடகை உதவி கிடைக்கிறது, ஏனையோர் காத்திருக்கிறார்கள். தகுதி காண்பது ஒரு கணக்கு, உதவி கிடைப்பது வேறொரு கணக்கு என்பதில் செல்வ நாடும் நம் நாடும் ஒன்றுதான். தமிழில் 'இல்' என்பதற்கு வீடு என்றும் இன்மை என்றும் இரு பொருள் உண்டு என்பதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு சொல்நயமாகப் படித்தோம். அக்கொப்பியைப் பார்த்த பின் அது நமக்கு நயமாகப் படவில்லை.

மீண்டும் விண்ணப்பித்தோம். 'மாத வருமானம்' என்ற கட்டத்தில் எண் எதனையும் எழுதாமல், இணைப்பைப் பார்க்குமாறு குறித்தோம். இணைப்பாக மாணவியின் மூன்று மாதக் கணக்கைப் பிரதி செய்து, அதன் கீழே 80,000 என்ற தொகை எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதினோம். முன்னைய விண்ணப்பத்தில் உள்ள தொகை விண்ணப்பதாரர் சொன்னதன்று, நிரப்பியவரின் பிழை என்று கையொப்பமிட்டோம். தாயார் இம்முறை ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொன்னார். 14 நாள் என்றிருந்த மாதத்தில் ஒரு நாள் அரைக்கூலிதான் என்று திருத்தினார், நாமும் திருத்தினோம்.

நிதியம் நிலுவையின் பாதியைச் செலுத்த இணங்கியது. மீதி 18,550 ரூபாவும் இடையிற் சேர்ந்த தவணைகளும் அவர்கள் தலையில் இருந்தன. பரீட்சை நெருங்கியபோது, கணக்கு எழுதும் வேலையை மாணவியிடமிருந்து தாயார் வாங்கிக்கொண்டார்.